க்ராய்டன் டைபாய்டு கையேட்டுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

1937 இலையுதிர்காலத்தில் லண்டனுக்குத் தெற்கே க்ராய்டனில் குடிநீர் வழியே பரவிய டைபாய்டு பற்றிய பயிற்சிக் கையேடு அச்சுக்குப் போய்விட்டது. 341 பேரைப் படுக்கையில் தள்ளி, 43 உயிர்களைக் குடித்த நோய் அது. தண்ணீரில் கிருமியைக் கொல்லும் குளோரின் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்த ஊரில் இது எப்படி நடந்தது என்று விளக்கத்தான் உங்களையெல்லாம் தொந்தரவு செய்தோம்.

முதல் நன்றி நீரேற்று நிலைய ஊழியர்களுக்கு. அன்று க்ராய்டனுக்குக் குடிநீர் தந்த அடிங்டன் கிணற்றுக்குள் ஆட்கள் இறங்கி வேலை பார்த்தார்கள். வடிகட்டலும் இல்லை, குளோரினும் இல்லை. தண்ணீர் மட்டும் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு மர்ஃபி என்ற வழக்கறிஞர் தலைமையில் நடந்த விசாரணை கண்டதும் இதைத்தான். இனி இப்படி நேராதிருக்க, ஆள் இறங்குமுன் ஊருக்குப் போகும் வால்வை மூடு. வேலை முடிந்ததும் குளோரினிட்டு, அந்த நீரை இறைத்து வெளியே விடு. மாதிரியின் முடிவு வராமல் வால்வைத் தொடாதே. நீங்கள் சொன்ன இந்த வரிசையை மாற்றாமல் சேர்த்திருக்கிறோம்.

கிணற்று நீருக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் வேண்டும் என்று கண்டுபிடிக்கும் ஹாராக்ஸ் சோதனையைச் செய்துகாட்டிய சுகாதார ஆய்வாளர்களுக்குத் தனி நன்றி. திறந்து கிடக்கும் பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பதால் எடையை மட்டும் நம்பக் கூடாது. கறுப்புக் கோப்பையில் 2 கிராம் பவுடர் கரைசல்; ஆறு வெள்ளைக் கோப்பைகளில் கிணற்று நீர்; முதல் கோப்பைக்கு ஒரு சொட்டு, இரண்டாவதற்கு இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அரை மணி நேரம் கழித்து, குளோரின் மிஞ்சியிருந்தால் நீலமாகும் ஸ்டார்ச்-அயோடைடு விட்டால் எந்தக் கோப்பையில் முதலில் தெளிவான நீலம் தெரிகிறதோ, அந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் 455 லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கிடைத்துவிடும். அவசரப்பட்டுப் பத்து நிமிடத்தில் பார்த்தால் அளவு குறைவாகவே வரும். இதைப் படமாகவும் போட்டிருக்கிறோம்.

ஆய்வகத் தோழர்களே, டைபாய்டு கிருமி பித்தப்பையில் தங்கி விட்டுவிட்டு வெளியேறும், ஒருமுறை மலப் பரிசோதனையில் தெரியாததால் ஒருவரைத் தொற்றில்லாதவர் என்று சொல்லிவிடக் கூடாது என நீங்கள் அழுத்திச் சொன்னது பெரிய உதவி. அடிங்டன் கிணற்றில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் கிருமியைச் சுமந்திருந்தார்; அது அவருக்கே தெரியாது. அவரைக் குற்றவாளிபோல் எழுதக் கூடாது என்ற செவிலியரின் சொல்லை நாங்கள் முழு மனதாக ஏற்கிறோம். மருத்துவப் பிரிவும் நகராட்சி நிர்வாகமும் சரிவரக் கைகோக்காததைத்தான் அங்கே கேள்வி கேட்க வேண்டும்.

நோயாளிகளின் வீடுகளைக் குடிநீர் வழங்கும் பகுதிகளோடு பொருத்தி வரைபடம் போடக் கற்றுத்தந்தவருக்கும் நன்றி. கிருமி உள்ளே போய் ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்தே காய்ச்சல் வரும். ஆகவே 'இப்போது எங்கே குடிக்கிறீர்கள்' என்ற கேள்வி உதவாது. அந்த வாரங்களில் வீட்டில், பள்ளியில், வேலையிடத்தில் எங்கெங்கே தண்ணீர் குடித்தார்கள் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். வேறு பகுதியில் குடியிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள்தான் வரைபடத்தைக் குழப்புவார்கள். அவர்களுக்கு வேறு நிறப் புள்ளி வைக்கலாம் என்பதும் அவர் சொன்ன யோசனையே.

மெய்ப்புப் பார்த்தவர்களுக்கும் படம் வரைந்தவர்களுக்கும் எங்கள் அன்பு. உங்கள் பிரதிகள் தபாலில் வந்து சேரும்.

இப்படிக்கு,
கையேட்டுக் குழுவினர்