2024-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு செயலவை 6 முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதன் நகல் உங்கள் நாற்காலியில் இருக்கிறது. அதில் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப் போகிறேன். ‘கலைஞர் சன்மானம்’ என்ற வரி. நம் மன்றக் கணக்கில் அப்படி ஒரு வரி வருவது இதுவே முதல் தடவை.

பினாங்கில் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பாட வந்த பிள்ளைக்கு ஒரு மாலை, ஒரு பொன்னாடை, மேடையில் ஒரு படம், போகும்போது சாப்பாட்டுப் பொட்டலம். அன்பில் குறை வைத்ததில்லை. ஆனால் சுங்கை பட்டாணியிலிருந்து கிட்டாரைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறவருக்குப் பெட்ரோல் காசும் பாலத்து டோலும் யார் கொடுப்பது? பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பேசிய பணத்தை அன்றைக்கே எண்ணிக் கொடுக்கிறோம். எந்தப் பாட்டுக்காகக் கூட்டம் வந்ததோ அதைப் பாடியவர் மட்டும் வெறுங்கையோடு போனார். இது தவறு என்று போன பொதுக்கூட்டத்தில் சிலர் எழுந்து சொன்னீர்கள். செயலவையின் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தோம்: கலைஞருக்குச் சன்மான உறை கொடுக்க முடியாவிட்டால் அந்த நிகழ்ச்சி வேண்டாம். அதனால் நிகழ்ச்சிகள் குறைந்தன. தீபாவளி விருந்தையும் விட்டோம். சிலருக்கு வருத்தம் என்று அறிவேன். என் மனத்துக்கு இது சரியான முடிவு.

மிச்சப்பட்ட பணத்தில் 4 பாட்டு மாலைகள் நடத்தினோம். இடம், லெபோ பாசாரில், மூத்தவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் அதே தெருவில், ஒரு கடையின் மேல்மாடி. ஒரே விதி: சொந்தமாக எழுதி மெட்டமைத்த பாட்டாக இருக்க வேண்டும், சினிமாப் பாட்டு கூடாது. முதல் மாலைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பாடியவர்களின் வீட்டார். இரண்டாவது மாலையில் ஒலிபெருக்கி பாதியில் நின்றுவிட்டது. பாடகர்கள் மைக் இல்லாமலேயே பாடினார்கள், நாங்களும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டோம். மூன்றாவது மாலையில் படிக்கட்டில் எல்லாம் ஆள்.

அன்று பாடிய ஒரு தங்கையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்டு வேலை. விடிகாலையில் தொழிற்சாலை பஸ்ஸில் வீடு திரும்பும்போது எழுதிய பாட்டு. அதில் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நாம் சொல்லும் மலாய்ப் பெயரான ‘பஸ் கிலாங்’ என்றே வருகிறது. அதை வேறு சொல்லாக மாற்றியிருந்தால் பாட்டின் உயிர் போயிருக்கும். முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், ‘நானும் இந்த பஸ்ஸில்தான் இருபது வருஷம் போனேன்’ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். 2006-இல் யோகி பி – நட்சத்ரா குழுவின் தமிழ் ராப் இங்கிருந்து கிளம்பித் தமிழ்நாட்டிலும் ஒலித்தது நம் எல்லாருக்கும் பெருமை. அப்படி ஊர் தாண்டினால்தான் நம் பாட்டு என்று காத்திருக்க வேண்டாம். இந்த மேல்மாடியிலேயே அது நம் பாட்டுதான்.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டை யாரோ கைப்பேசியில் பிடித்து, அவர் பெயரே இல்லாமல் பரப்பிவிட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் காப்புரிமை வகுப்பு வைத்தோம். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதிவைத்தாலோ பதிவு செய்தாலோ உரிமை தானாகவே வந்துவிடும். எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 50 ஆண்டு நிற்கும். சான்று வேண்டுமென்றால் அறிவுசார் சொத்துரிமைக் கழகமான மைஐபிஓவில் அறிவிப்புச் செய்து வைக்கலாம். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் எம்ஏசிபி என்ற அமைப்பும் உண்டு. வந்திருந்த பலருக்கு இவை எல்லாமே புதிய செய்தி.

உருமி மேளப் பயிற்சி இரண்டு சனிக்கிழமைகள் நடந்தது. தைப்பூசம் வந்தால் மட்டும் உருமிப் பையன்களைப் பற்றிப் பேசுகிறோம், அதுவும் குறையாகத்தான். அன்று அவர்கள் ஆசிரியர்கள். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்க, மறு முகத்தைக் குச்சியால் அடிக்க, அந்த உறுமல் எப்படிப் பிறக்கிறது என்று காட்டினார்கள். மழை ஈரத்தில் தோல் தொய்ந்தபோது வார் இழுத்துச் சுருதி கூட்டியதைப் பிள்ளைகள் வாய் திறந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் உறை கொடுத்தோம். ‘கோயிலுக்கு வெளியே இப்படி மரியாதையாகக் கூப்பிட்டது நீங்கள்தான்’ என்றார் குழுத் தலைவர். எனக்குச் சந்தோஷமும் வெட்கமும் சேர்ந்து வந்தது.

ஓவியத்துக்கு அவ்வளவு செய்யவில்லை. 2014 முதல் கலைக்கூடமாக இயங்கும் ஜாலான் குர்த்வாராவின் பழைய ஹின் பஸ் டிப்போவுக்கு ஒரு முறை போய் வந்தோம். லெபோ ஆர்மேனியனில் 2012-இல் வரைந்த சைக்கிள் சுவரோவியத்தோடு படம் பிடிக்க இன்றும் வரிசை நிற்கிறது. கையால் தமிழ்ப் பெயர்ப்பலகை எழுதும் பெரியவர்களைத் தேடி யாரும் வருவதில்லை. வரும் ஆண்டில் அவர்களில் ஒருவரை அழைத்து எழுத்து வகுப்பு நடத்த செயலவை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆடிப் பாடும் பினாங்கு மலாய்க் கலையான போரியாவின் குழு ஒன்றோடும் பேசி வருகிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 70, 80-களில் நம் உள்ளூர் இசைக்குழுக்கள் பாடிய கேசட்டுகள் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும், அதிக நாள் தாங்காது. ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினிக்கு மாற்ற முழுசாக ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். அதற்கு இளைஞர் பகுதியில் மூவர் முன்வந்திருக்கிறார்கள். கேசட் உறையில் பாடியவர் பெயர் அழிந்திருந்தால், உங்களுக்கு நினைவிருக்கும் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். வாசலில் பெட்டி வைத்திருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்