9 மணிக்கு வீடு திரும்பும் அப்பாக்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினாலே பிள்ளைகளோடு அப்பாக்கள் பொழுதைக் கழிக்க ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்கு முழு ஞாயிற்றுக்கிழமையும் கனமான பர்ஸும் வேண்டும். இரவு 9 மணிக்குச் செருப்பைக் கழற்றும் மனிதருக்கு இரண்டும் கிடையாது. அந்த நேரத்தில் காசில்லாமல் திறந்திருப்பது மொட்டைமாடி. சோறூட்டும் வரை நிலாவைக் காட்டுகிறோம். பிள்ளை தானாகச் சாப்பிடத் தொடங்கியதும் அதோடு விட்டுவிடுகிறோம். விட்ட இடத்திலிருந்து அப்பா தொடரலாம். தேவை: சுவரில் தொங்கும் தினசரி காலண்டர், ஒரு சாக்பீஸ், ஒரு பென்சில், பத்து நிமிடம்.

எந்த நாளில் தொடங்குவது என்பதைக் காலண்டரே சொல்லும். மூன்றாம் பிறையை 9 மணிக்குத் தேடிப் பயனில்லை, அதற்குள் மறைந்திருக்கும். வளர்பிறைப் பஞ்சமியன்று மேற்கில் தெளிவாக நிற்கும். அன்று ஆரம்பித்தால் தேய்பிறைத் துவிதியை வரை, மேகம் இல்லாவிட்டால், 12 அல்லது 13 இரவுகள் கிடைக்கும். அதன் பிறகு நிலா எழுவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும், அன்று நிலா வரவே ஏறக்குறைய 9 மணி ஆகும்.

செய்முறை எளிது. மாடியில் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். தினமும் அதே வட்டத்துக்குள் நின்றுதான் பார்க்க வேண்டும். நாலடி தள்ளி நின்றாலும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இடம் மாறிவிடும். பிள்ளை கையை நேராக நீட்டி, முஷ்டியை மடக்கி, தொட்டியின் விளிம்பிலிருந்து நிலா எத்தனை முஷ்டி தள்ளியிருக்கிறது என்று அளக்கட்டும். நீட்டிய கையில் ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 பாகை (டிகிரி). சின்னக் கைக்குச் சின்ன முஷ்டி என்பதால் கணக்கு பெரிதாக மாறாது. அன்று கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் போட்டு, இருண்ட பகுதியைத் தீட்டி, முஷ்டிக் கணக்கை எழுதச் சொல்லுங்கள். மறுநாள் நிலா ஒரு முஷ்டிக்குச் சற்றே அதிகமாகக் கிழக்கே தள்ளியிருக்கும்.

இதில் பலர் சறுக்குவது நேரத்தில்தான். இன்று 9 மணிக்கும் நாளை 10 மணிக்கும் பார்த்தால் எல்லாம் கெட்டுவிடும். வானம் மணிக்கு 15 பாகை மேற்கே சுழல்கிறது. நிலா ஒரு நாளில் கிழக்கே நகர்ந்ததை அந்த ஒரு மணி நேரத் தாமதமே விழுங்கிவிடும். "நிலா நகரவே இல்லையே அப்பா" என்று பிள்ளை சொன்னால் பார்வையில் பிழையில்லை, அப்பா லேட். கால் மணி முன்பின் ஆனால் பரவாயில்லை. மேகம் மூடியிருந்தால் தாளில் "மேகம்" என்று எழுதட்டும்.

பிள்ளை இதில் பழகியதும் காலண்டரில் நட்சத்திரம் போட்டிருக்கும் வரிக்கு வாருங்கள். பலன் பார்க்க அல்ல. நிலா விண்மீன்களிடையே ஒரு சுற்று வர 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. அதனால்தான் 27 நட்சத்திரம், ஓர் இரவுக்கு ஏறக்குறைய ஒன்று. காலண்டரில் ரோகிணி என்றால், ஆரஞ்சு நிறத்தில் மின்னும் அந்த விண்மீனுக்கு ஒரு முஷ்டி தூரத்துக்குள்ளோ சற்றுத் தள்ளியோ நிலா நிற்கும். மகமும் சித்திரையும் அப்படியே. ஆனால் "மாலை 4 மணி வரை, பின்பு" என்று போட்டிருந்தால், இரவுக்குப் பொருந்துவது "பின்பு" என்பதற்கு அடுத்த பெயர். இதைக் கவனிக்காமல் காலண்டர் தப்பு என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. பஞ்சாங்கம் கணிக்கும் இரு முறைகளான வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மணி நேரம் வேறுபடலாம். வானத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம். சுவாதி, திருவோணம் இரண்டும் நிலாப் பாதைக்கு மூன்று முஷ்டி வடக்கே இருப்பவை. அந்த நாட்களில் நிலாவுக்குப் பக்கத்தில் அவற்றைத் தேடக் கூடாது.

வீட்டில் பிள்ளையின் பிறந்த நட்சத்திரம் தெரியுமென்றால் அதையே காட்டுங்கள், இதைவிடப் பிள்ளைக்குப் பிடித்தது வேறில்லை. பொங்கல் சமயத்தில் இரவு 9 மணிக்கு ரோகிணி கிட்டத்தட்ட தலைக்கு மேல். அதற்குச் சற்று மேற்கே கொத்தாகக் கார்த்திகை, கிழக்கே செந்நிறத் திருவாதிரை. மே மாதம் வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் முதலில் சுவாதி, அடுத்து வெண்ணீலமாகச் சித்திரை. ஜூலையில் தெற்கே தேள் வடிவத்தில் மூன்று நட்சத்திரங்கள்: தலையில் அனுஷம், நடுவில் சிவந்த கேட்டை, கொடுக்கில் மூலம். பூசம், சதயம், ரேவதி பிள்ளைகளுக்கு மட்டும் முன்கூட்டி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவை மங்கலானவை, நகர வெளிச்சத்தில் தெரியாது. பூசத்துக்காவது புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களையும் மகத்தையும் காட்டி, "இரண்டுக்கும் நடுவில் உன்னுடையது" என்று சமாளிக்கலாம். மினுக்காமல் பளிச்சென்று நிற்பது பெரும்பாலும் வியாழனோ வெள்ளியோதான்.

செல்போன் செயலியை நம்பி மாடிக்குப் போக வேண்டாம். கட்டடக் கம்பியும் இரும்புத் தகரமும் போனின் திசைகாட்டியைக் குழப்பும். திரை வெளிச்சம் கண்ணை இருட்டுக்குப் பழக விடாது. டெலஸ்கோப்பும் வேண்டாம். பைனாகுலர் யாரிடமாவது இருந்தால் அஷ்டமியை ஒட்டி இரவல் வாங்குங்கள். பாதி நிலாவில் வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டருகே பள்ளங்கள் நிழலோடு தெரியும், பௌர்ணமியன்று நிழலே இல்லாமல் தட்டையாக இருக்கும். பகலில் பைனாகுலரைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. சூரியன் பக்கம் திரும்பினால் கண் போய்விடும். கைப்பிடிச் சுவர் குட்டையாக இருந்தால் உட்கார்ந்து பாருங்கள்.

மழை இரவுகளுக்கு அதே சாக்பீஸால் தரையில் ஆடு புலி ஆட்டம். ஓர் உச்சியிலிருந்து நான்கு கோடு இறக்கி, அடியில் இணைத்து, குறுக்கே மூன்று கோடு போட்டு இருபுறமும் நீட்டி, முனைகளைச் சேர்த்தால் 23 புள்ளிகள். மூன்று கூழாங்கல் புலி, 15 புளியங்கொட்டை ஆடு. கோடு கோணலானால் புலி தாண்டியது சரியா என்று சண்டை வரும், ஸ்கேல் வைத்துப் போடுங்கள். ஆடு வைப்பவர் ஓரத்திலிருந்து நிரப்புவது நல்லது. பின்னால் காலிப் புள்ளி இல்லாவிட்டால் புலியால் தாண்ட முடியாது.

இரவுப் பணி முடித்துக் காலையில் திரும்பும் அப்பாக்களை மறந்துவிடவில்லை. பௌர்ணமி முடிந்த வாரம் முழுக்கக் காலை 6.30 மணிக்கு நிலா மேற்கு வானில் இருக்கும், தேய்பிறை அஷ்டமியன்று உச்சிக்கருகே. பள்ளி வேன் வரும் வரை தெருமுனையில் நின்றே அளக்கலாம்.

தங்கள் நாளிதழில் தினமும் திதி, நட்சத்திரம், ராகுகாலம் அச்சாகிறது. அந்தக் கட்டத்திலேயே "இன்று இரவு 9 மணிக்கு நிலா எந்தத் திசையில், எத்தனை முஷ்டி உயரத்தில்" என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?

இப்படிக்கு,
பிள்ளைகளுக்கு வானம் காட்டும் வாசகர்கள்,
மதுரை.