நீ பேசவே வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று மருமகள் சொன்னாள். குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகச் சொன்னாராம் டாக்டர். "அங்கே போய் நான் என்ன பேசுறது" என்று நீ கேட்டாயாம். ஒன்றும் பேச வேண்டாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வா. உன் முறை வந்தால் "இன்னைக்குக் கேட்கத்தான் வந்தேன்" என்று சொல், விட்டுவிடுவார்கள். இதையெல்லாம் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா கூட்டத்துக்குப் போன காலத்தில் நீ சின்னப் பிள்ளை. மீட்டிங் என்றால் கட்சி மீட்டிங் என்று நினைத்துக்கொள்வாய். கருப்புச் சட்டைக்காரர் வீட்டில் அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. அவருக்கு இருந்த முதல் தடையும் அந்தச் சட்டைதான். அங்கே கடவுள் என்ற பேச்சு வரும், முடிவில் எல்லோரும் எழுந்து நின்று பிரார்த்தனை சொல்வார்கள். "நம்மை விட மேலான சக்தி எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். "அப்போ இந்த ரூம்ல உட்கார்ந்திருக்கிறவங்கதான் எனக்கு மேலான சக்தி" என்று சொல்லிவிட்டார் அப்பா. யாரும் மறுக்கவில்லை. கடைசிவரை பிரார்த்தனை நேரத்தில் வாயை மூடிக்கொண்டுதான் நின்றார். கடைசிவரை குடிக்கவும் இல்லை.

அவர் குடியை விட்ட நாளை வருஷாவருஷம் பிறந்தநாள் என்று கொண்டாடுவார்கள். அன்றைக்குக் குடும்பத்தாரும் வரலாம் என்பதால் நானும் போவேன். சர்ச் வளாகத்துப் பள்ளியில் ஒரு வகுப்பறை. சர்ச்சுக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, வாடகை குறைவு, அவ்வளவுதான். சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு தொங்கும். நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் பெரிய பெரிய ஆட்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். பேங்க் மேனேஜரும் லோடுமேனும் பக்கத்துப் பக்கத்தில். ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்பார். மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். அவர் தன் கதையைச் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்திமதியும் சொல்ல மாட்டார்கள். நம் சொந்தக்காரர்களை அங்கே ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும். நடுவில் ஒரு பை சுற்றி வரும். டீக்கும் வாடகைக்கும் அவர்களே போட்டுக்கொள்ளும் காசு அது, வெளியாரிடம் வாங்குவதில்லை. நீ புதிது, போட வேண்டியதில்லை. சேர்வதற்குக் கட்டணமும் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் நீ உறுப்பினர்.

எங்கே நடக்கிறது என்று தேடுவது பெரிய விஷயமில்லை. சென்னையில் தமிழிலும் இங்கிலீஷிலும் நடக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் ஊர்வாரியாக நம்பர் இருக்கும். கூப்பிட்டால் பேசுவது பெரும்பாலும் உன்னைப் போலக் குடித்து, பிறகு குடியை விட்டவர்தான். கிழமை, நேரம், மொழி கேட்டுக்கொள். 'மூடிய கூட்டம்' என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும், 'திறந்த கூட்டம்' என்றால் யாரும் வரலாம். 14446 என்ற அரசாங்க இலவச நம்பரிலும் வழி கேட்கலாம். வீட்டில் உட்கார்ந்தபடியே ஜூமிலும் நடக்கிறது. ஆனால் முதலில் நேரில் போ. ஜூமில் கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாய், உன்னை எனக்குத் தெரியாதா? ஆபீஸ் முடிந்து நீ கடைப்பக்கம் ஒதுங்கும் நேரம் எதுவோ, அந்த நேரத்தில் நடக்கும் கூட்டமாகப் பார்.

இதெல்லாம் ஆரம்பித்ததே ஒரு போனில்தான். 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். தொழில் விஷயமாக வந்து தோற்றுப்போய் ஹோட்டலில் நின்ற பில் என்பவருக்கு, விட்டிருந்த குடியை மறுபடி குடிக்கத் தோன்றியிருக்கிறது. பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று சர்ச்சுகளுக்குப் போன் போட்டிருக்கிறார். அப்படி அறிமுகமானவர்தான் பாப் என்ற டாக்டர், அவரும் குடிகாரர். இவர்கள் இருவரும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் ஏ.ஏ. குடித்தவன் பேச்சைத்தான் குடித்தவன் கேட்பான் என்பதை உன் அப்பா விஷயத்தில் நானே பார்த்தேன். நான் சொல்லிக் கேட்காதவர் லோடுமேன் சொல்லிக் கேட்டார். கொஞ்சம் பொறாமைகூட இருந்தது எனக்கு.

நீ ஆதாரம் கேட்கிற ஆள் என்று உன் அக்கா ஒன்று தேடித் தந்தாள். 2020-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 10,000 பேருக்கு மேல் அடங்கிய 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறது. ஏ.ஏ. பக்கம் முறையாக வழிநடத்தப்பட்டவர்கள், மற்ற மனநலச் சிகிச்சைகள் பெற்றவர்களைவிட அதிகமாக, குடியைத் தொடாமல் இருந்திருக்கிறார்களாம். எல்லோருக்கும் பலித்தது என்று அர்த்தமில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்தாதே, கூட்டத்தில் யாராவது நிறுத்தச் சொன்னாலும்தான். ஒருவேளை மறுபடி தொடர்ந்து குடித்துவிட்டாய் என்றால், வீராப்பாக ஒரே நாளில் நீயே நிறுத்தாதே. இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போ.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். ஒரு இடத்தில் ஒருவரே முழு நேரமும் பேசுவார், இன்னொரு இடத்தில் எல்லோரும் உன்னைவிட இருபது வயது பெரியவர்களாக இருப்பார்கள். சரி, வேறு குழுவுக்குப் போ. நாலைந்து இடம் பார்த்துவிட்டு அப்புறம் எனக்கு ஒத்துவரவில்லை என்று சொல், கேட்டுக்கொள்கிறேன். உனக்குப் பிடித்த மாதிரி பேசுகிற ஒருவரிடம் நம்பர் வாங்கி வை. அவரே உனக்கு வழிகாட்டியாக இருக்கச் சம்மதிக்கலாம். குடிக்கத் தோன்றும்போது எனக்குப் போன் பண்ணாதே, நான் அழுதுவிடுவேன். அவருக்குப் பண்ணு.

மருமகளுக்கு அல்-அனான் இருக்கிறது, குடிப்பவர்களின் வீட்டாருக்கானது. நான் போனேன், அவளோடு தனியாகப் பேசிக்கொள்கிறேன். அவள் அங்கே என்ன பேசினாள் என்று நீ கேட்கக் கூடாது. நீயும் கூட்டத்தில் யாரைப் பார்த்தாய் என்று என்னிடம் சொல்லாதே. போய்விட்டு வந்தேன் என்று ஒரு வரி மெசேஜ் போடு, போதும்.

அன்புடன்,
அம்மா