ஓட்டை போடாத டம்ளர்

எல்லோருக்கும் வணக்கம்.

சின்னவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இன்றோடு 6 நாள். இதோ பக்கத்தில்தான் தூங்குகிறான். இரண்டு வரிக்கு ஒரு தரம் நிறுத்தி, அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வருகிறேன். அதனால் கோர்வையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அந்த 19 நாளை இன்னொரு முறை எழுதிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

முதலில், பெயர் சொல்லாமல் ஒரே மூச்சில் நன்றி சொல்ல வேண்டியவர்கள். ரத்தம் கொடுத்தவர்கள், கொடுக்க வந்து வரிசையில் நின்று திரும்பியவர்கள். ராத்திரி டியூட்டியில் இருந்த இரண்டு சிஸ்டர்கள். அழுதால் அழட்டும் என்று என்னைத் தனியே விட்டார்கள், ஐந்து நிமிடம் கழித்து முகம் கழுவச் சொன்னார்கள். ஆபீசில் என் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு எனக்குச் சொல்லாமலே முடித்து அனுப்பியவர்கள். பெரியவளைத் தன் பிள்ளைகளோடு படுக்கவைத்துக்கொண்ட என் அக்கா. "பதில் போட வேண்டாம்" என்று கடைசி வரியில் எழுதி மெசேஜ் அனுப்பியவர்கள். அந்தக் கடைசி வரி எவ்வளவு பெரிய உபகாரம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன். கொஞ்சம் நாளாகும்.

இந்த மடலை நான் உட்கார்ந்து எழுதுவது வேறொருவருக்காக. எங்கள் மாடி வீட்டு சாருக்காக.

அவருக்கும் எங்களுக்கும் அப்படியொன்றும் நெருக்கம் கிடையாது. போன வருடம் இதே பருவத்தில் என் பெண் படிக்கட்டெல்லாம் மண்ணை இறைத்துவிட்டாள் என்று கதவைத் தட்டிப் புகார் சொன்னவர் அவர். நியாயமான புகார்தான். வசந்தம் வந்தால் எங்கள் வீடு அப்படித்தான் ஆகும். குளிர் விட்டு வெயில் இதமாகத் தொடங்கியதும் குழந்தைகளோடு சில காரியங்களை வருடம் தவறாமல் செய்வோம். மார்ச் 20 வாக்கில், பகலும் இரவும் சமமாக வரும் நாளில், இருவரையும் கதவு நிலையோடு ஒட்டி நிற்கவைத்துத் தலைக்கு மேல் பென்சிலால் கோடு போடுவோம். மண்ணில் ஒரு குச்சியை நட்டு நிழலைக் குறிப்போம். ஆளுக்கொரு பிளாஸ்டிக் டம்ளரில் மண் நிரப்பி, முந்தின ராத்திரி ஊறவைத்த பீன்ஸ் விதையைப் போடுவோம். முதலில் வந்த பட்டாம்பூச்சி, முதலில் விட்ட மொட்டு, முதலில் வந்த எறும்பு வரிசை என்று எதை யார் முதலில் பார்த்தார்கள் என்று ஒரு சண்டையும் உண்டு.

இந்த வருடம் குச்சியின் நிழலைக் குறித்துக்கொண்டிருந்தபோது சார் படியிறங்கி வந்தார். என் பெண் பெருமையாகச் சொன்னாள், "தாத்தா, இன்னைக்குப் பகலும் ராத்திரியும் சமம்!" அவர் நின்றார். "சமம் இல்லம்மா. பகல் சில நிமிஷம் கூடுதல். சூரியனோட மேல் விளிம்பு தெரிஞ்ச உடனே விடிஞ்சதுன்னு கணக்கு வைக்கிறோம். போதாததுக்குக் காத்து வெளிச்சத்தை வளைச்சு முன்கூட்டியே காட்டிடும். ரெண்டும் டேலி ஆகாது." சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆயுள் முழுக்கக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். ஐந்து வயதுக் குழந்தையின் உற்சாகத்தில் கூடவா பிழை திருத்த வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது.

சின்னவனுக்குக் கோடு போடும்போது நெளிந்தான். கோடு கோணலாக விழுந்தது. நாளைக்கு அழித்துச் சரியாகப் போடலாம் என்று விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கோணல் கோட்டை எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று கணக்கில்லை.

மூன்றாம் நாள் அதிகாலை நாங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது சத்தம் கேட்டு சார் படிக்கட்டுக்கு வந்திருக்கிறார். எனக்கு அவரைப் பார்த்த ஞாபகமே இல்லை. பெரியவள், அக்கா வந்து அழைத்துப் போவதற்குள், தன் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்திருக்கிறாள். "தண்ணி ஊத்திடுங்க தாத்தா." எங்கள் யாரையும் கேட்கவில்லை. எங்களிடம் கேட்க அன்றைக்கு இடமும் இல்லை.

நாங்கள் திரும்பி வந்த அன்று சாயங்காலம் அவர் இறங்கி வந்தார். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையிலும் டம்ளர், கக்கத்தில் ஒரு நீள நோட்டு. வாசலிலேயே நின்று, என்னிடம் நலம் விசாரிப்பதற்கும் முன்னால், பெரியவளைப் பார்த்துச் சொன்னார்: "பாப்பா, உன் விதை செத்துப்போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த 19 நாளும் அந்த ஒரு சொல் அவள் காதில் விழாமல் காத்தவர்கள் நாங்கள். போனில் பேசினால்கூட "தம்பி தூங்குறான்", "தம்பிக்குக் கொஞ்சம் சுகமில்லை" என்றுதான். நினைத்திருந்தால் அவர் ஒரு நாற்றை வாங்கி அந்த டம்ளரில் நட்டு, "பார், எவ்வளவு வளர்ந்திருக்கு" என்று கொடுத்திருக்கலாம். யாருக்குத் தெரிந்திருக்கும்? நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். செய்துவிட்டு அதை அன்பு என்றும் நினைத்திருப்பேன்.

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பேப்பரை விரித்துப் பழைய டம்ளரைக் கவிழ்த்தார். கறுத்துக் கூழாகிப்போன ஒரு துணுக்கைக் குச்சியால் தள்ளிக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். அழுவாள் என்று நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அழவில்லை. "எப்படி?" என்று கேட்டாள்.

"விதையும் மூச்சு விடும்மா. தண்ணி தேங்கி நின்னா மண்ணுக்குள்ள காத்து இருக்காது. மூச்சு முட்டி அழுகிப்போச்சு. நான் ஊத்தினது அதிகம்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் மட்டும் தலையை ஆட்டினாள், ஏதோ ஒன்று பிடிபட்ட மாதிரி.

அப்புறம் நோட்டைத் திறந்தார். கோடு போட்டுப் பத்தி பிரித்த கணக்கு நோட்டு. தேதி, அளவு, குறிப்பு. முதல் வரி: "23-3. அதிகாலை 2.10. பெற்றது: டம்ளர் 1, மண்ணோடு. உள்ளே விதை இருப்பதாகச் சொல்லப்பட்டது." இத்தனை நாள் கழித்து நான் முதல் தடவையாகச் சிரித்தது அந்த "சொல்லப்பட்டது" என்ற இடத்தில்தான். அதன் கீழே வரிசையாக, "மாற்றமில்லை. தண்ணீர் 2 ஸ்பூன்." "மாற்றமில்லை." "மாற்றமில்லை." பீன்ஸ் விதை சாதாரணமாக ஒரு வாரம், பத்து நாளில் மண்ணைவிட்டு வெளியே வந்துவிடும். விதை போட்டு 12 நாள் ஆகும்வரை அவர் பொறுத்திருக்கிறார். "1-4. வாடை வந்ததால் தோண்டிப் பார்த்தேன். விதை அழுகியிருந்தது. தண்ணீர் அதிகம் விட்டது என் பிழை. இன்றே வேறு டம்ளரில் புதிய விதை. இது பழையதன் தொடர்ச்சி அல்ல, புதுக் கணக்கு." அந்த வரிக்குக் கீழே இரட்டைக் கோடு.

புதிய டம்ளரை அவள் கையில் கொடுத்தார். மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு வெளிர்ப்பச்சைக் கழுத்து, தலையை இன்னும் உள்ளேயே வைத்துக்கொண்டு, கொக்கி மாதிரி வளைந்து நின்றது. பீன்ஸ் இப்படித்தான் வரும். நுனியை முன்னால் நீட்டினால் மண்ணில் உரசி நசுங்கிவிடும். அதனால் முதுகை முன்னால் கொடுத்து முட்டிக்கொண்டு வருகிறது. வெளிச்சம் பட்ட பிறகுதான் நிமிரும். மறுநாள் காலை பல்கூடத் தேய்க்காமல் ஜன்னலுக்கு ஓடினாள். பாதி நிமிர்ந்திருந்தது. சாயங்காலம் இரண்டு விதையிலைகளும் விரியத் தொடங்கிவிட்டன. வாங்கி நட்ட நாற்றாக இருந்திருந்தால் இதை அவள் பார்த்தேயிருக்க மாட்டாள்.

நோட்டின் பின்பக்கத்தில் இன்னொரு கணக்கு. படிக்கட்டு ஜன்னலுக்கு மேலே ஒரு சிட்டுக்குருவிக் கூடு இருக்கிறது. பெரியவளின் "முதலில் பார்த்தது யார்" பட்டியலில் இந்த வருடம் அதுதான் முதலிடம். அதைப் பற்றி அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை, தானாகவே எழுதியிருக்கிறார். ஏணி போட்டு எட்டிப் பார்க்கவில்லை. எத்தனை முட்டை என்ற பத்தியில் "தெரியாது" என்றே இருக்கிறது. தாயும் தகப்பனும் வாயில் புழுவோடு போக ஆரம்பித்த நாளை வைத்துக் குஞ்சு பொரித்துவிட்டதென்று முடிவு கட்டியிருக்கிறார். தானியம் கொத்தும் பறவைதான், ஆனாலும் குஞ்சுக்குப் பூச்சியும் புழுவும்தான் ஊட்டும். ஒரு நாள் காலை ஒரு மணி நேரத்தில் 17 தடவை என்று எழுதி, பக்கத்தில் "தகப்பன் 7, தாய் 10" என்று பிரித்தும் வைத்திருக்கிறார். இதை என் கணவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "இங்கே நின்று பேச வேண்டாம். குஞ்சுகள் உள்ளன." எங்கள் பிள்ளைகளின் சத்தத்துக்குப் புகார் சொன்ன அதே கையெழுத்து. குஞ்சுகள் முந்தாநாள் பறந்துவிட்டன. காகிதம் இன்னும் இருக்கிறது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

அன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு இரண்டு டம்ளர்களையும் கழுவ எடுத்தேன். இல்லை, பொய். ஒன்றைத்தான் எடுத்தேன், இன்னொன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அவர் வைத்த புது டம்ளரின் அடியில் ஆணியால் குத்திய நாலு ஓட்டைகள். எங்கள் டம்ளரின் அடியில் ஒன்றுகூட இல்லை. தண்ணீர் வடிய வழியே இல்லாத டம்ளரில் கொஞ்சம் கூடினாலும் அடியில் தேங்கி விதை அழுகிவிடும். ஒவ்வொரு வருடமும் ஓட்டை போடுவது என் வேலை. இந்த வருடம் மறந்துவிட்டேன்.

அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தானே அடுத்ததில் ஓட்டை போட்டிருக்கிறார். பகலும் இரவும் சில நிமிடம் டேலி ஆகவில்லை என்பதைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர், டம்ளர் 1 என்று எண்ணிக்கை போட்டு வரவு வைத்த மனிதர், அந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை. குழந்தைக்காகவா, எனக்காகவா தெரியவில்லை. கேட்டால் சொல்லப் போவதும் இல்லை. ஆகவே அதை நானே இங்கே எழுதுகிறேன்: சார், பிழை என்னுடையது. உங்கள் தண்ணீர் மேல் மட்டும் பழி போட முடியாது. பெரியவளிடமும் சொல்லிவிட்டேன். "பரவாயில்லம்மா, அடுத்த தடவை நான் ஞாபகப்படுத்துறேன்" என்றாள்.

அந்த ராத்திரியே அவள் இன்னொன்றும் கேட்டாள். விளக்கை அணைத்த பிறகு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு: "தம்பிக்கும் அப்படி ஆகப் பார்த்துச்சா?" எத்தனை நாள் உள்ளே வைத்திருந்தாளோ. இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வாசற்படியில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்த மனிதர் நினைவுக்கு வந்தார். "ஆமாண்டா, ஆகப் பார்த்துச்சு. இப்போ நல்லா மூச்சு விடுறான்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எழுந்துவந்து அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தாள். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். அக்கா வீட்டில் ஒரு ராத்திரிகூட அவள் அப்படித் தூங்கவில்லை என்று அக்கா பிறகு சொன்னாள்.

வழக்கமாக இந்தப் பருவத்துக்கென்று நான் ஒரு பட்டியல் போட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டுவேன். பட்டம் விடுதல், பூ உலர்த்துதல், கூழாங்கல்லுக்கு வண்ணம் அடித்தல் என்று 12 காரியங்கள். பாதி போட்டோவுக்காக, மீதிப் பாதி, செய்யாவிட்டால் நல்ல அம்மா இல்லையோ என்ற பயத்துக்காக. அதைக் கிழித்துவிட்டேன். இரண்டு டம்ளர், ஒரு கதவு நிலை, ஒரு கூடு. இவ்வளவு போதும். இனி யார் வீட்டிலாவது இப்படி ஒரு ஓட்டம் நேர்ந்தால், அந்த வீட்டுக் குழந்தை எதைப் பாதியில் விட்டுவிட்டுப் போனது என்று நான் போய்க் கேட்பேன். மற்ற உதவியெல்லாம் செய்ய ஆளிருக்கும்.

சின்னவனின் கோணல் கோட்டை அழிக்கவில்லை.

நோட்டை சார் எங்களிடமே விட்டுவிட்டார். "இனிமே கணக்கு உன்னோடது" என்று பெரியவளிடம் சொல்லியிருக்கிறார். செடி ஜன்னல் பக்கம் சாய்கிறது. தினமும் கால் வட்டம் திருப்பி வைக்க வேண்டும் என்று உத்தரவு. நேற்றைய வரியை அவளே எழுதினாள், 6-ஐத் திருப்பிப் போட்டு: "6 செ.மீ. திருப்பினேன்." அவர் மாடியிலிருந்து இறங்கும்போது ஸ்கேலோடு வந்து ஒரு தடவை தணிக்கை செய்துவிட்டுப் போகிறார். ஐந்தரைதானாம்.

பின்குறிப்பு: ஆஸ்பத்திரிக்கு யாரோ கொண்டுவந்து கொடுத்த, நீலக் கட்டம் போட்ட போர்வை ஒன்று எங்களிடம் இருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மாலையில் வந்தால் செடியையும் பார்க்கலாம். படிக்கட்டு ஜன்னலருகே மட்டும் மெதுவாகப் பேசுங்கள், காகிதத்தைக் கிழிக்க அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.