பிள்ளைக்கு, இந்த வருடப் பட்டியல்

ஈஸ்ட் ஹாம்,
30.12.2019

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அண்ணாவின் சின்னவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது ஓடித் திரிகிறாள். விளக்கீட்டுக்குப் பிறகு உன் குரல் கேட்கவில்லை. "ஓகே அம்மா", "பிஸி அம்மா" என்று எழுதுகிறாய். அண்ணாவுக்கு மட்டும் இரண்டு வரி கூட வருகிறதாம். சரி, கிறிஸ்மஸ் நேரம், ஊர் ஊராக உனக்கு ரெஸ்லிங் ஷோ இருக்கும், எனக்குத் தெரியாததா. நேரத்துக்குச் சாப்பிடு. கழுத்தைப் பார்த்துக்கொள்.

வருட முடிவில் எங்களுக்குப் பிடித்த ரெஸ்லிங் மட்ச்சுகளின் பட்டியல் போடாமல் விடக்கூடாது என்று அப்பாவின் கொப்பியை எடுத்து நானே எழுதத் தொடங்கினேன். நீ போன் எடுத்திருந்தால் வழக்கம்போலச் சண்டை பிடித்து எழுதியிருக்கலாம். விதி பழைய விதிதான்: பிரிட்டன் மண்ணில் நடந்த மட்ச் மட்டும். அதனால் பீட் டன் 685 நாள் வைத்திருந்த சம்பியன் பெல்ட்டை வால்டரிடம் பறிகொடுத்தது கணக்கில் வராது, அது நியூயோர்க்கில் நடந்தது. ஒஸ்பிரே ஜப்பானில் செய்ததும் வராது. நீ அழுதாலும் வராது.

நாலாவது இடம் ஜனவரி 12, பிளாக்பூல். எம்பிரஸ் போல்ரூமின் அந்த வளைந்த கூரைக்கும் சரவிளக்குக்கும் கீழே கிப்சனும் டிரேக்கும் சேர்ந்து டைலர் பேட், செவன் சோடியை வென்று, என்எக்ஸ்ரி யூகே கொம்பனியின் முதல் டாக் பெல்ட்டை, அதுதான் இருவர் சோடிக்கான பெல்ட்டை, எடுத்தது. டிரேக் பிளாக்பூல் பெடியன், சொந்த ஊரில் வென்றான். கிப்சன் மைக்கை எடுத்தாலே சனம் கத்தும், ஒரு சொல் கேட்காது. கம்டனில் ஒருமுறை "கிப்சனைப் பிடிக்காவிட்டால் சப்பாத்தைக் கழற்று" என்று முழு மண்டபமும் பாட, நீ என் சப்பாத்தையும் கழற்றித் தூக்கிப் பிடித்தாயே. அன்றுதான் எனக்கு இந்த உலகம் உண்மையாகவே பிடித்தது. அதுவரை உனக்குத் துணைக்கு வந்தவள் நான்.

மூன்றாவதும் அதே இரவுதான். ரோனி ஸ்டோர்ம், ரியா ரிப்ளி. நீ இதை முதலாவதாக வைப்பாய் என்று தெரியும். 18 வயதில் அவுஸ்திரேலியாவிலிருந்து தனியே இங்கிலாந்துக்கு வந்தவள் ஸ்டோர்ம். நீ கிளாஸ்கோவுக்குப் போகிறேன் என்று நின்றபோது அவளைத்தானே எனக்கு உதாரணம் காட்டினாய். ரிப்ளி அவளைவிட உயரம், பலம். ஆனாலும் ஸ்டோர்ம் வென்றபோது நம்பும்படி இருந்தது. அவளுடைய அந்த முடிவு அடியை வீடியோவில் நிறுத்தி நிறுத்தி எனக்குக் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு கையையும் பின்னால் பூட்டி, தலைகீழாகத் தூக்கி, அப்படியே மேடைப் பலகையில் குந்திவிடுவாள். எதிரியின் தலை பலகையில் முட்டுகிறது என்றுதான் கண் நம்பும். உண்மையில் தூக்குகிறவளின் தொடைகள் தலையைத் தாங்குகின்றன, உச்சி பலகைக்கு மேலேயே நின்றுவிடுகிறது. "அம்மா, அவளுடைய தலை இப்போது இவளுடைய பொறுப்பு" என்று நீ சொன்னாய். நீதான் சொன்னாய்.

அப்பா இருந்திருந்தால் இந்த இரண்டையும் வெட்டியிருப்பார். 84இல் வந்து இறங்கி, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஐரிவியில் ரெஸ்லிங் வர்ணனையாளர் கென்ட் வோல்ற்றனின் குரலைக் கேட்டு இங்கிலீஷ் பழகிய மனிசன். ரவுண்ட் ரவுண்டாக நடக்கவேண்டும், இரண்டு ஃபோல் (தோளைப் பலகையில் அழுத்துவது) அல்லது இரண்டு சப்மிஷன் (பிடி தாங்காமல் விட்டுக்கொடுப்பது) அல்லது ஒரு நொக்அவுட், அதுதான் அவருக்கு ரெஸ்லிங். சனம் கொண்டாடிய பிக் டாடிக்கு அவர் கொப்பியில் ஒரு வரி கிடையாது. மார்ட்டி ஜோன்ஸும் ரோலர்போல் ரொக்கோவும் மோதுகிறார்கள் என்றால் தேத்தண்ணீர் ஆறிப்போகும்.

அவருக்காகத்தான் இரண்டாவது இடத்தைக் கொடுத்தேன்: ஓகஸ்ட் 31, கொப்பர் பொக்ஸ் அரங்கம், சக் சேபர் ஜூனியரும் தனஹாஷியும். வீட்டிலிருந்து ஸ்ராட்ஃபோர்ட் எவ்வளவு தூரம், ஜப்பான்காரர் எங்கள் வாசலுக்கே வந்ததுபோல இருந்தது. சேபர் கென்ட் பக்கத்துப் பெடியன். மணிக்கட்டைப் பிடித்தால் அதிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து தோள் என்று ஒவ்வொரு மூட்டாகத் தேடிப் போவான். தனஹாஷி முழங்காலை நீட்ட இடமில்லாமல் தவித்தார். பிரிட்டிஷ் ஹெவிவெயிட் பெல்ட் அவனிடம் திரும்பி வந்தது. கூரையிலிருந்து குதிக்காமல், கதிரை உடைக்காமல், கையாலும் காலாலும் மட்டும் செய்த வேலை. அப்பா பார்த்திருந்தால் இதையே முதலாவதாக வைத்திருப்பார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் நீயும் நானும் பிடித்த சண்டை அதைப் பற்றியல்ல. இஷியும் கென்டாவும் மோதியதுதான் உனக்கு அந்த நாளின் மட்ச். நடுவில் கென்டாவின் தலையில் அடிபட்டது. அங்கே இருந்த எங்களுக்கு அது தெரியவில்லை, அவர் ஏதோ நடையில் தளர்ந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மூளை அதிர்ச்சி என்பது பிறகு தெரிந்தது. அந்த நிலையிலேயே முடிவுவரை போய் பெல்ட்டையும் எடுத்தார். "எவ்வளவு பெரிய நெஞ்சு அம்மா" என்றாய். நான் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. இனியும் சேர்க்கமாட்டேன். எங்கே நிற்கிறோம் என்று தெரியாத ஒருவரின் தலையில் திரும்பத் திரும்ப விழுகிற அடியை நான் எப்படிப் பிள்ளை ரசிப்பது?

கழுத்தைப் பார்த்துக்கொள். விழும்போது தலை குனிந்து நாடி நெஞ்சோடு ஒட்டியிருக்கவேண்டும், மூச்சை வெளியே விடவேண்டும், மேல்முதுகும் இரண்டு கையும் ஒரேநேரத்தில் பலகையில் படவேண்டும். இதெல்லாம் நீ எனக்குச் சொல்லித்தந்தது, நான் உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். களைத்துப்போனால் முதலில் விட்டுப்போவது நாடிதான் என்பதையும் நீதான் சொன்னாய்.

முதலாவது இடம் உனக்குத் தெரியும். அதே ஓகஸ்ட் 31, கார்டிஃப். வால்டர், டைலர் பேட். கொப்பர் பொக்ஸிலிருந்து வந்து அடுத்த நாள் காலை பார்த்தோம், உழுந்து அரைக்க வைத்தது அப்படியே கிடந்தது. 42 நிமிடம். வால்டரின் கை ஒருமுறை நெஞ்சில் விழுந்தால் தோல் உடனே சிவந்து தடிக்கிறது, அதை நடிக்க முடியாது. பேட்டுக்கு 22 வயது, வால்டரின் தோளுக்கு மேலே தலை வராது. அந்த மலையை அவன் தோளில் தூக்கிச் சுழற்றினானே, நீ கதிரையில் ஏறி நின்றாய். தோற்றுப்போனான். தோற்றவனுக்கு அந்த அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. வெல்லாமலே ஒரு பிள்ளை இவ்வளவு பெரிதாக நிற்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

இந்த பேட்தான் போன வருடம் எதிராளிகள் தன் சோடி செவனின் முழங்காலை முறித்துக்கொண்டிருந்தபோது துவாயை எறிந்து மட்ச்சை நிறுத்தியவன். பெல்ட் போய்விட்டது. கதை எழுதி வைத்துச் செய்ததுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் எறியும் முன் அவன் எவ்வளவு நேரம் துவாயைக் கையில் வைத்துத் தவித்தான். அது அமெரிக்காவில் நடந்ததால் எங்கள் பட்டியலில் இல்லை. என் மனதில் இருக்கிறது.

பிள்ளை, நான் அந்த வீடியோவைப் பார்த்தேன்.

அண்ணாவில் கோபிக்காதே, அவன் காட்டவில்லை. பெரியம்மாவின் மகன் "தங்கச்சி கலக்குகிறாள்" என்று எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. உன்னோடு மோதியவள் உன்னைத் தூக்கியபோது உன் நாடி மேலே இருந்தது. பின்தலை முதலில் பட்டது. ரெஃபரி குனிந்து ஏதோ கேட்கிறார், நீ தலையாட்டுகிறாய், பிறகும் விழுகிறாய், பிறகும் எழும்புகிறாய். சனம் கத்துகிறது. நான் பார்த்தது அதையல்ல. மட்ச் முடிந்ததும் வந்த பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கம் இறங்கினாய். யாரோ ஒருவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். அந்த இடத்தை மட்டும் எத்தனையோ முறை ஓடவிட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் உன் போன் நின்றது. குரலைக் கேட்டால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைத்திருப்பாய். கண்டுபிடித்திருப்பேன்தான்.

விட்டுவிட்டு வா என்று நான் எழுதவில்லை. முருகன் கோயிலில் மாமி "மகள் என்ன செய்கிறாள்" என்று கேட்டபோது, சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி "ரெஸ்லிங்" என்று சொன்னவள் நான். அவர்கள் முகம் போன போக்கைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உன்னைப்போல விழுந்து எழும்ப இந்தக் குடும்பத்தில் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் தாய்க்குச் சொல்லாமல் தலைவலியோடு படுத்திருப்பது என்ன வீரம்? எனக்கு அதில்தான் கோபம்.

டைனமைட் கிட் என்ற ரெஸ்லரை அப்பா எவ்வளவு கொண்டாடினார். விகன் பக்கத்து கோல்போர்ன் பெடியன், அந்த உடம்பால் செய்யாதது இல்லை. கடைசியில் சக்கர நாற்காலி. போன வருடம் டிசம்பர் 5, அவருடைய 60ஆவது பிறந்தநாளிலேயே போய்ச் சேர்ந்தார். அவருடைய மச்சான் டேவி போய் ஸ்மித், 92இல் பழைய வெம்பிளியில் பிரெட் ஹார்ட்டை வென்றவர், 39 வயதில் போனார். உன்னை இவர்களோடு சேர்த்துச் சொல்லவில்லை. இந்த நாட்டில் இதை மிகத் திறமாகச் செய்தவர்கள் அவர்கள், அவர்களுடைய உடம்பும் தாங்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

மூளை ஆறுவதற்கு முன் இரண்டாவது அடி விழுந்தால் அது முதலாவதைவிடச் சின்னதாக இருந்தாலும் கெடுதல் பலமடங்கு. ஸ்கொட்லாந்தில் எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக 2015இலேயே இதற்கு விதி எழுதிவிட்டார்கள். சந்தேகம் என்றால் ஆளை வெளியே இருத்து, அவ்வளவுதான் அதன் சாரம். பிறகு படிப்படியாகத்தான் திரும்பலாம்: முதலில் ஓய்வு, பிறகு நடை, பிறகு தனியே பயிற்சி, டொக்டர் பார்த்த பிறகே மற்றவரோடு மோதுவது. உன்னை வைத்து ஷோ நடத்துகிறவர்கள் ஆள் போதாது, டிக்கெட் விற்றுவிட்டோம் என்பார்கள். சொல்லட்டும். மண்டபத்துக்கு வேறு ஆள் கிடைக்கும்.

தலைவலி கூடினால், சத்தி எடுத்தால், கதை குழறினால், எழுப்பினாலும் நித்திரை தெளியாவிட்டால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ, எந்த நேரமானாலும். அவ்வளவு இல்லையென்றாலும் இந்தக் கடிதம் கிடைத்ததும் 111 மருத்துவ உதவி நம்பருக்கு எடுத்து நடந்ததைச் சொல்லு. மட்டுப்படுத்திச் சொல்லாதே, மற்றப் பக்கம் இறங்கியதையும் சொல்லு. அங்கே ஜனவரி 2உம் விடுமுறை என்பதால் உன் டொக்டர் வெள்ளிக்கிழமைதான் திறப்பார், காலையிலேயே எடுத்து நேரம் கேள். சனிக்கிழமை ஷோவுக்கு இப்போதே இல்லை என்று சொல்லிவிடு. அவர்களோடு கதைக்கக் கூச்சமாக இருந்தால் நம்பரைத் தா, நான் கதைக்கிறேன்.

உன் புது உடுப்பு தைத்து முடிந்தது. நீ கேட்ட ஊதா லைக்ராதான், இடுப்பில் மஞ்சள் கரை. துணி நாலு பக்கமும் இழுபடும், நேர்த்தையல் போட்டால் நீ முதல்முறை காலைத் தூக்கும்போதே நூல் அறுந்துவிடும் என்று எல்லா மூட்டிலும் வளைந்த தையல் போட்டிருக்கிறேன். முழங்காலுக்கு இரட்டைத் துணி. கழுத்துப் பக்கம் ஒரு விரல் அளவு கூட விட்டிருக்கிறேன், போட்டுப் பார்த்துத்தான் வெட்டவேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு விக்டோரியாவிலிருந்து பஸ் எடுக்கிறேன். சனி காலை புக்கனன் ஸ்டேஷனில் இறங்குவேன். குளிரில் என்னைக் கூப்பிட வரவேண்டாம், விலாசம் தெரியும், நானே வருவேன். டொக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் நான் பஸ் ஏறுமுன் எழுது. "ஓகே அம்மா" என்று எழுதாதே. அவர் சொன்னதை அப்படியே எழுது.

அன்புடன்,
அம்மா