வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டிய எண்

மத்திய ஒட்டாகோ, நியூசிலாந்து
ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்கிறீர்களா என்று அறிய ஆவல். நம் சோலார் பேட்டரியைக் காக்க எந்த எண்ணை எப்போது பார்க்க வேண்டும் என்பதைத் தொலைபேசியில் சொன்னால் மனத்தில் தங்குவதில்லை. தம்பி இதைப் பேட்டரிக்கு மேலே சுவரில் ஒட்டி வைக்கட்டும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

இங்கே இப்போது நடுக் குளிர்காலம். பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை; கொடைக்கானல் மலையில் நம் பூம்பாறையில் மார்கழியிலும் பதினொன்றரை மணி நேரம் பகல் இருக்கும். சூரியன் வடக்கே தாழ்ந்து போகிறது என்பதால் சோலார் பேனல்களை வடக்குப் பார்த்து, நன்றாக நிமிர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில் பாரத் மெரினோ ஆடுகளோடு பழகிய எனக்கு இங்குள்ள மந்தை புதிதாகத் தெரியவில்லை. கரண்ட் கம்பி எட்டாத ஒரு வீட்டில், இந்தக் குளிரிலும், ஐந்து பேர் ஆண்டு முழுவதும் விளக்குக்குக் குறைவில்லாமல் வாழ்வதுதான் எனக்குப் புதிது. நம் பூண்டுத் தோட்டத்து வீட்டுக்கும் கம்பி வரவில்லை. ஆனால் நாமோ இரண்டு மழைக்காலத்துக்குள் இரண்டு புதிய பேட்டரிகளை இழந்தோம், அப்பா. பூண்டு விற்ற பணத்தில் நீங்கள் வாங்கியவை அவை. அவை ஏன் செத்தன என்பது இங்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இந்தப் பண்ணையின் மூத்த அம்மாள் விடியுமுன் எழுந்து, யாரும் கெட்டிலைப் போடுவதற்கு முன்பாக, பேட்டரி அறைக்குப் போய் ஒரு எண்ணைப் பார்த்துத் தம் நோட்டில் எழுதிக்கொள்வார். அதன் பிறகுதான் அடுப்படிக்கு வருவார். அந்த நேரம் ஏன் என்று கேட்டேன். வெயில் அடிக்கும்போது பார்த்தால் பேனல் தள்ளுகிற வோல்ட்டைத்தான் பார்ப்பாய், கெட்டில் ஓடும்போது பார்த்தால் அது இழுக்கிற வோல்ட்டைத்தான் பார்ப்பாய், இரண்டும் இல்லாத நேரத்தில்தான் பேட்டரி தன் நிலையைச் சொல்லும் என்றார். அந்த கெட்டில் 2000 வாட். 48 வோல்ட்டில் அது நாற்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது, நிறைந்திருக்கும் பேட்டரிகூட அந்த நேரத்தில் வற்றியதைப் போலத் தெரியும்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம், நான்கு நாள் மூடுபனிக்குப் பிறகு ஒரு மணி நேரம் வெயில் வந்து போன அன்று, இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அம்மா மிக்ஸியைப் போட்டதும் எல்லாம் அணைந்துவிட்டது. அந்தப் பச்சை விளக்கு வோல்ட்டை மட்டும் பார்த்து எரிவது. சிறிது நேரம் சார்ஜ் ஏறினாலே தகட்டின் மேற்பரப்பில் வோல்ட் உயர்ந்து நிற்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. விற்றவர் பேட்டரியைக் குறை சொன்னார், நாமும் நம்பினோம். வாரக்கணக்கில் அரைகுறை சார்ஜில் கிடந்ததால் ஈயத் தகடுகளில் சல்பேட் உப்பு படிந்து இறுகிப்போனதுதான் உண்மையான காரணம். ஒருமுறை இறுகிவிட்டால் அது எளிதில் கரையாது.

ஆகவே புதிய பேட்டரி வாங்கியதும் நோட்டு ஒன்றைப் போடுங்கள். காலை ஆறு மணிக்கு, விளக்குகளையும் இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரால் இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து வோல்ட் பாருங்கள். நம்மூரில் கிடைக்கும் டியூபுலர் பேட்டரி நிறைந்திருந்தால் 25 வோல்ட்டை ஒட்டி இருக்கும். 24.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். அன்று டிவியும் மிக்ஸியும் வேண்டாம். இராத்திரி முழுவதும் விளக்கு எரிந்திருந்தால் அணைத்த உடனே பார்க்காமல், முடிந்தவரை பொறுத்து, வெயில் பேனலில் விழுமுன் பாருங்கள்.

மாதம் ஒருமுறை, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால், ஒரு பேட்டரிக்கு ஆறாக உள்ள செல்கள் ஒவ்வொன்றையும் பாருங்கள். நிறைந்த செல் 1.240 அளவில் காட்டும், அதோடு 0.84 கூட்டினால் அந்த ஒரு செல்லின் வோல்ட் கிடைக்கும், பன்னிரண்டு செல்லுக்குக் கணக்குப் போட்டால் மேலே சொன்ன 25-தான் வரும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் தாழ்ந்திருந்தால் எனக்கு உடனே சொல்லுங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய அன்று பார்க்காதீர்கள், அது மேலேயே நிற்கும். மூடியில் தெரியும் மிதவை தண்ணீரின் மட்டத்தைக் காட்டுமே தவிர சார்ஜைக் காட்டாது. தம்பி கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஆசிட்டைத் தொட வேண்டும்.

மலைக்கென்று ஒன்று இருக்கிறது. இதைக் கீழே வத்தலக்குண்டுக் கடையில் யாரும் நமக்குச் சொல்லவில்லை. குளிரில் ஆசிட் சுருங்கி அதன் அடர்த்தி கூடும். ஐந்து டிகிரி காலையில் ஹைட்ரோமீட்டர் 1.240 என்று காட்டினால், 27 டிகிரிக் கணக்கில் அது 1.225-தான். அதைவிட முக்கியமானது, குளிர்ந்த பேட்டரியை நிறைக்கக் கூடுதல் வோல்ட் வேண்டும். 25 டிகிரியில் 28.8 வோல்ட் போதும் என்றால் 5 டிகிரியில் ஏறக்குறைய ஒரு வோல்ட் அதிகம் தேவை. பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜை அளந்து விடும் நம் சார்ஜ் கன்ட்ரோலரில் வெப்பத்தை அறியும் ஒயர் இல்லை. சமவெளியின் சூட்டுக்கு வைத்த அளவிலேயே அது நின்றுவிட்டது. பேட்டரி ஒரு குளிர்காலத்தில்கூட முழுதாக நிறைந்ததில்லை என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இம்மாதப் பணத்தோடு அந்த ஒயர் உள்ள கன்ட்ரோலருக்கும் சேர்த்து அனுப்புகிறேன்.

இங்கே நெகடிவ் ஒயரில் ஷண்ட் என்ற, கரண்ட்டை அளக்க உதவும் உலோகத் துண்டை வைத்து, போகிற ஆம்பியரையும் வருகிற ஆம்பியரையும் மீட்டர் எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஆனால் நூறு ஆம்பியர்-மணி எடுத்தால் நூற்றுப் பத்துக்கு மேல் திரும்பப் போட வேண்டும், அதனால் அந்தக் கணக்கு நாளாக ஆகப் பிசகும். பேட்டரி முழுதாக நிறையும் நாளில்தான் நேராகும். எனவே நமக்கு இப்போதைக்கு மல்டிமீட்டரும் நோட்டும் போதும். எண்ணும் மீட்டர் வாங்கினால் இன்வெர்ட்டர், கன்ட்ரோலர் எல்லாவற்றின் நெகடிவும் அந்த ஷண்ட் வழியாகத்தான் போக வேண்டும், ஒன்று விலகினாலும் கணக்கு பொய்யாகிவிடும்.

இன்னொன்று. நமது 150 ஆம்பியர்-மணி ஜோடியில் பாதியை எடுத்தால் 1.8 யூனிட். சும்மா இருக்கும் இன்வெர்ட்டர் 20 வாட் தின்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை யூனிட் அதிலேயே போய்விடும். படுக்கப் போகும்போது அதை நிறுத்திவிடச் சொல்லி அம்மாவிடம் சொல்லுங்கள்.

லித்தியம் வாங்கலாமா என்று தம்பி கேட்டான். அது நல்லதுதான். ஆனால் அதன் வோல்ட் பெரும்பகுதி நேரம் ஒரே இடத்தில் நிற்கும், காலை எண் ஒன்றும் சொல்லாது, ஷண்ட் மீட்டர் கட்டாயம் வேண்டும். உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யவும் கூடாது. உறைபனி விழும் நம் தோட்டத்துக் கொட்டகையில் இந்த ஆண்டு வேண்டாம் என்பதே என் எண்ணம்.

ஐப்பசி மழை தொடங்குமுன் நோட்டு தொடங்கிவிட வேண்டும். தம்பி தினமும் அந்த எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்பட்டும். உங்களுக்குக் காலை ஆறு மணி ஆகும்போது எனக்கு, இந்தக் குளிர்கால நேரப்படி, மதியம் பன்னிரண்டரை. சாப்பிட உட்காரும் நேரம் அது. தோட்டத்து வீட்டில் அன்று இராத்திரி விளக்கு எரியுமா என்று எனக்கும் தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மகள்