பெட்டி காலி!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஒன்றரை மணி நேரம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, இணையத்தில் ஒருவருக்கு நீண்ட பதில் எழுதினேன். 'அனுப்பு' என்பதை அழுத்தியதும் 'மீண்டும் உள்நுழையவும்' என்று வந்தது. நுழைந்தால் பெட்டி காலி. பின்செல்லும் அம்புக்குறியை அழுத்திப் பார்த்தேன், அதுவும் கைவிரித்துவிட்டது.

பேத்தி சொல்லித்தான் காரணம் புரிந்தது. அனுப்பும்வரை நம் எழுத்து பெரும்பாலும் நம் கருவியில்தான் இருக்கிறது. நாம் மாங்குமாங்கென்று தட்டிக்கொண்டிருப்பது தளத்துக்குத் தெரியாது. ஆள் போய்விட்டார் என்றெண்ணி வெளியேற்றிவிடுகிறது. (வரைவைத் தாமே சேமிக்கும் தளங்களும் உண்டு. அவை நன்றாக இருக்கட்டும்!)

இப்போதெல்லாம் நோட்பேடில் எழுதி, கோப்பாகச் சேமித்த பிறகே ஒட்டுகிறேன். அவசரத்துக்கு நேரடியாக எழுதினாலும், அனுப்புமுன் கன்ட்ரோல்-ஏ (எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்க), கன்ட்ரோல்-சி (நகலெடுக்க). இதிலும் ஒரு வினை: அடுத்து வேறெதையாவது நகலெடுத்தால் முந்தையது போச்சு. விண்டோஸ் 10-இல் 2018 முதல் இதற்கு வழி இருக்கிறது. விண்டோஸ் விசையோடு 'வி'யை அழுத்தினால் முன்பு நகலெடுத்தவை வரிசையாக வரும். அந்த வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும்.

தளம் நடத்துவோரே, வெளியேற்றுவதானால் வெளியேற்றுங்கள். எழுதியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாம் முறை நான் எழுதிய பதில் நாலே வரி. முதலில் எழுதியதில் ஓர் அருமையான உவமை இருந்தது. என்னவென்று இன்னும் நினைவுக்கு வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்